எதிர்ப்பேச்சு

என் மாமனார் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. தாகமெடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. நகராட்சி பம்ப் ஹவுசில் காலமெல்லாம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர், மாமியார் இறந்து சில மாதங்கள் கழித்து, நான் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். போகவில்லை. கழற்றிய போல்ட்டுகளை வரிசையாக அடுக்கினார். அப்போதும் போகவில்லை.

“என்ன மாமா, ஏதாவது வேணுமா?”

“அந்த யுனிவர்சிட்டிக்காரங்க நம்ம வீட்டுல வந்து பதிவு பண்ணாங்களே மாப்பிள்ளை, அதெல்லாம் இன்னும் வச்சிருப்பாங்களா?”

“பத்திரமா வச்சிருப்பாங்க. அதுக்குத்தானே சம்பளம் வாங்கறாங்க. இப்ப எதுக்கு அது?”

“அவ பேசினது அதுல இருக்கும். ஒரு தடவ கேக்கணும்.”

டயரைப் பார்த்துக்கொண்டே, சரி மாமா, போகலாம் என்றேன்.

அத்தையின் குரல் எங்களிடம் இல்லாமல் இல்லை. என் மனைவியின் போனில் நிறையக் கிடக்கிறது. ‘வரும்போது சோப்பு வாங்கிட்டு வா’, ‘மாப்பிள்ளை சாப்பிட்டாரா’, ‘போனை எடுடி முதல்ல’. எல்லாம் வெளிப்பேச்சு. அதாவது ஊரே பேசுகிற, நானும் பேசுகிற மொழி. மாமனார் கேட்டது வீட்டுப் பேச்சை. அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழிக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அதில் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூடக் கிடையாது. பக்கத்து நாற்காலியில் இருக்கிற புருஷனுக்கு யார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்?

அதைப் பேசுகிறவர்கள் முன்பு ஆற்றின் மேல்பக்கம் இருந்தார்களாம். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பிழைப்புத் தேடிச் சிதறிவிட்டார்கள். சிதறிய இடத்திலெல்லாம் பிள்ளைகள் வெளிப்பேச்சில் படித்து, வெளிப்பேச்சில் காதலித்து, வெளிப்பேச்சிலேயே சண்டையும் போட்டார்கள். கடைசியில் அதைச் சரளமாகப் பேச இந்த ஊரில் மிஞ்சியது எங்கள் வீட்டு ஜோடிதான். என் மனைவிக்கு எல்லாம் புரியும். ஆனால் பதில் வெளிப்பேச்சில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் தோழிகள் கேலி செய்த அன்றைக்கு மூடிய வாய். பிடிவாதத்தில் அவள் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

கல்யாணமான புதிதில் எனக்கு அந்த மொழி என்றாலே எரிச்சல். நான் உள்ளே நுழைந்ததும் மாமியாரும் மாமனாரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். போகப்போகத் தெரிந்தது, நான் நினைத்தது சரிதான். அத்தை ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்டரில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க ஊர்ச் சனத்தோடு மல்லுக்கட்டியதில், அவருடைய வீட்டுப் பேச்சில் பாதி எங்கள் சொற்களாகவே ஆகிவிட்டிருந்தது. அதனால் அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரிந்துவிடும். என் மானம் போவது அந்தப் பாதியில்தான். மாமனார் பேசுவது மட்டும் மருந்துக்குக்கூடப் புரியாது. அவருடைய மொழி மேல்பக்கத்திலிருந்து வந்தபடியே மாறாமல் இருந்தது. பம்ப் ஹவுசில் யாரோடு பேசிக் கெடுத்துக்கொள்வது?

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதையைத் தனியாளாகச் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஒவ்வொரு வரியையும் மறுக்க வேண்டும். ‘பொய்’ என்பார். ‘யாரிடம் காது குத்துகிறாய்’ என்பார். குறுக்குக் கேள்வி போடுவார். அதற்குப் பதில் சொல்லி வாயடைத்தால்தான் அடுத்த வரிக்குப் போகலாம். இதற்கு எதிர்ப்பேச்சு என்று பெயர். மறுக்க ஆள் இல்லையா, கதை கிடையாது.

வாயே திறக்காத மாமனார், கரண்ட் போன சாயங்காலங்களில் கதவு சுமந்தவன் கதையை எடுப்பார். வெள்ளத்துக்குப் பிறகு சனமெல்லாம் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ஒருத்தன் மட்டும் தன் வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்த கதை என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை லேசில் விடமாட்டார். என்ன மரம், எவ்வளவு கனம், எந்தக் கிறுக்கன் கதவைத் தூக்குவான், வீடே இல்லாதவனுக்குக் கதவு எதற்கு என்று ஆளைப் பிடித்து உலுக்குவார். மாமனார் திணறித் திணறிப் பதில் சொல்வார். அப்போது அவரைப் பார்க்க வேண்டும். கையை ஆட்டி, குரலை உயர்த்தி, ஆளே வேறு.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வதுதான் என் பிழைப்பு. “நீங்களும் நானும் ஒரே தொழில் மாப்பிள்ளை. என்ன, உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கு. எனக்கு அதுவும் கிடையாது” என்பார் அத்தை.

பேராசிரியர் பதிவு செய்ய வந்தது எனக்குக் கல்யாணமான மறுவருஷம். தங்கமான மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மாமனார் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட வந்த டெக்னீஷியன் ஃபிரிட்ஜை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தார். மாமனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். முதல் வரியைச் சொன்னார். எதிரில் இருந்த அத்தை, “பொய்!” என்றார்.

பேராசிரியர் கையைத் தூக்கினார். மறுபடி முதல் வரி. மறுபடி அத்தை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறது மாறிப்போன பேச்சு. வெளியிலேர்ந்து நிறையக் கலந்துடுச்சு. ஐயா பேசறதுதான் கலப்படமில்லாதது. முதல்ல அதைக் காப்பாத்திக்கறோம்.”

“கலப்படமா? நான் என்ன பாலா?” என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அங்கே போயும் வாய் சும்மா இருக்கவில்லை. மாமனார் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். சமையலறையிலிருந்து பதில் வரும். அது வராமல் அவரால் அடுத்த வரிக்கு நகர முடியாது என்பதுதான் சங்கடம். ஒரு கட்டத்தில் மாமனாரே சமையலறைப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது. கொஞ்சம் சும்மா இரேன் என்கிற தொனி. அதற்கும் உள்ளேயிருந்து ஒரு பதில் வந்தது. கடைசியில் பேராசிரியர் சலித்துப்போய், “சரி, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க ஐயா. நாங்க அப்புறம் பாத்துக்கறோம்” என்றார்.

நான் காபி எடுக்க உள்ளே போனேன். அத்தை டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டே, “மறுக்க ஒருத்தரும் வேணாம்னா, இவரு யாருக்குக் கதை சொல்றாராம்?” என்று கேட்டார். எனக்கு அப்போது அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

அந்த வாரம் முழுக்க வந்து பதிவு செய்தார்கள். பிறகு பேராசிரியர் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார். அதை அத்தை அலமாரியில் மடித்து வைத்திருந்தார். எங்களுக்கும் பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. ஆள்தான் வீட்டிலேயே இருந்தாரே.

இப்போது மாமனார் கேட்டுவிட்டார். அடுத்த வாரமே ஸ்கூல் காரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வரவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க. என்னால அங்க உக்காந்து கேக்க முடியாது” என்றாள். மாமனார் மறுபடியும் புதுச் சட்டை போட்டிருந்தார். வழி முழுக்க இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார்.

பல்கலைக்கழகத்தில் ஒலிக் காப்பகம் என்பது ஏசி போட்ட ஒரு நீள அறை. பேராசிரியர் காலமாகிவிட்டிருந்தார். அவருடைய இடத்தில் ஒரு பெண் இருந்தாள், என் மனைவியைவிடச் சின்னவள். மாமனார் யாரென்று சொன்னதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

“ஐயா, உங்க குரலைக் கேட்டுத்தான் நான் இந்த மொழியே படிச்சேன். இத்தனை வருஷமா தினம் உங்க குரல்தான்.”

சொல்லிவிட்டு, அவள் வீட்டுப் பேச்சில் பேச ஆரம்பித்தாள். மாமனார் விறைத்துப்போய் நின்றார். அத்தை போன பிறகு அந்த மொழியில் அவரிடம் யாரும் பேசியதில்லை. உச்சரிப்பு அச்சு அசலாக அவருடையதே மாதிரி இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. ஒரு வாக்கியம் சொல்வாள், நிறுத்துவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருப்பாள். பிறகு அடுத்த வாக்கியம். மறுபடியும் நீளமாக ஒரு மௌனம். சொல் ஞாபகம் வராமல் தேடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். லைசென்ஸ் டெஸ்ட்டில் கியர் மறந்துபோகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் முகத்தில் தேடலே இல்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தினாள்.

ஏன் நிறுத்துகிறாள் என்று மாமனாருக்கும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். கதவு சுமந்தவன் கதை. மாமனாரின் பழைய குரல், கணீரென்று. இவர் சிரித்தார். முதல் வரி முடிந்தது. இவர் முன்னால் குனிந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை, சுத்தமாக ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி. பிறகு குரல் அடுத்த வரிக்குப் போனது. மறுபடி ஒன்றும் இல்லை.

மாமனார் ஹெட்போனைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். இன்னொரு கதையைப் போடச் சொன்னார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான்.

“அவ எங்கம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“யாருங்க ஐயா?”

“என் வீட்டுக்காரி. சமையலறையிலேர்ந்து பேசினா. ஒவ்வொரு வரிக்கும் பேசினா.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “குறிப்புல பின்னணிச் சத்தம்னு எழுதியிருந்துச்சு. டெக்னீஷியன் எடுத்துட்டார். சத்தத்தை மட்டும் எடுத்துட்டு நேரத்தை அப்படியே விட்டுட்டாங்க. எழுத்துல போட்ட வரி எண்ணெல்லாம் நேரக் கணக்குல இருக்கறதால.”

“ஒரிஜினல்?” என்றேன் நான்.

“அப்போ மெமரி கார்டுங்க பத்தாது சார். அழிச்சுட்டு அடுத்த ஊருக்கு எடுத்துட்டுப் போவாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமென்றால் பேராசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார், டெக்னீஷியன் எங்கேயென்று தெரியாது, எதிரில் இருப்பவளோ அழுதுவிடுவாள் போலிருந்தாள். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்,” என்றாள் அவள், யாரிடமோ சொல்வது போல. “இந்த மொழியில ஒவ்வொரு வாக்கியத்துக்கு அப்புறமும் நீளமான மௌனம் உண்டுன்னு. அடுத்த வாக்கியம் ‘இல்ல, சத்தியமா’ன்னு ஆரம்பிக்கும்னு. மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கறேன்.”

மாமனார் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. டோக்கன் கவுண்டரில் தப்பான வரிசையில் வெகுநேரம் நின்றுவிட்ட ஒருத்தரைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“மௌனமெல்லாம் இல்லம்மா. எங்க ஆளுங்கள்ல அவளை மாதிரி வாயாடி யாரும் கிடையாது. நான் சொன்னா அவ பொய்ம்பா. அதுக்குத்தான் ‘இல்ல, சத்தியமா’.”

அவள் அவசரமாகப் பேனாவை எடுத்தாள். “அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க ஐயா. வரி வரியா போடறேன். அந்தந்த இடத்துல எழுதிடலாம். இப்பவே பதிவும் பண்ணிடலாம்.”

அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் முதல் வரியைப் போட்டு நிறுத்தினாள். இவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவள் இரண்டாவது வரியைப் போட்டாள். இவர் நெற்றியைத் தேய்த்தார். மூன்றாவது வரிக்குக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“வரலம்மா. கதை எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். அவ கேக்கறது அன்னன்னைக்கு வேற. ஒரு நாள் கேட்டதை மறுநாள் கேக்கமாட்டா. சமையல் பண்ணிட்டே, துணி மடிச்சுட்டே, அந்த நேரத்துக்கு என்ன தோணுதோ அது. அதை எப்படி நான் ஞாபகம் வச்சுக்கறது?”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “என்னோடதைத்தான் நீங்க பத்திரமா வச்சிருக்கீங்க. அது எப்படியும் தொலைஞ்சிருக்காது” என்றார்.

அந்தப் பெண் பதிவுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். வீட்டுப் பேச்சில் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னாள். இந்த முறை நடுவில் நிறுத்தாமல் சொல்லப் பார்த்து, பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டாள். மாமனார் அவள் தலையைத் தொட்டுவிட்டு வந்து காரில் ஏறினார்.

சிக்னலில் நின்றபோதுதான் பேசினார்.

“அந்தாளு கலப்படமில்லாததுன்னு சொன்னப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு மாப்பிள்ளை. என் வாழ்க்கையில ஒருத்தரும் என்னை எதுக்கும் பாராட்டினதில்ல. அதான் அவளைச் சும்மா இருன்னு சொல்லிட்டேன்.”

“அத்தை அதையெல்லாம் மனசுல வச்சுக்கற ஆள் இல்ல மாமா.”

“தெரியும். அதுக்கும் ஏதோ பதில் சொன்னாளே. என்ன சொன்னான்னுதான் யோசிச்சுப் பாக்கறேன்.”

பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரனை அடித்துத் தொலைத்தான். எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் உண்டு உறங்கி, அத்தை சொன்னதில் பாதியைப் புரிந்துகொண்ட நானாவது பதிவு நடந்த அன்றைக்கு அவர் சமையலறையிலிருந்து சொன்னதில் ஒரு வரியைப் பிடித்து வைத்திருக்கிறேனா என்று மனசைத் துழாவினேன். அத்தை சிரிக்கிற சத்தம்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “இருந்துச்சா?” என்று கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். மாமனார் பென் டிரைவை டிவியில் செருகச் சொன்னார். எதற்கு மாமா என்றேன். “இருக்கறதையாவது கேப்போம்” என்றார்.

கதவு சுமந்தவன் கதை கூடத்தில் ஒலித்தது. முதல் வரி. பிறகு அந்தக் கிணற்று மௌனம். மாமனார் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

“பொய்!”

சமையலறையிலிருந்துதான் வந்தது. அதுவும் வீட்டுப் பேச்சில். அந்த ஒரு சொல்லாவது எனக்குத் தெரியும். கரகரத்த, பழக்கமில்லாத குரல். என் மனைவி கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்றாள்.

காப்பகத்தில் கேட்டுப் பழகிய அந்த ‘இல்ல, சத்தியமா’வைச் சொன்னது டிவியில் மாமனாரின் குரல், கணக்காக அந்த நேரத்துக்கு. மாமனார் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை மாதங்களாக இல்லாத ஒன்று வந்தது. அவள் இரண்டடி உள்ளே வந்தாள். அடுத்த வரி ஓடி முடிந்து மௌனம் வந்ததும், தட்டுத்தடுமாறி, பாதி வெளிப்பேச்சைக் கலந்து கேட்டாள். அம்மா கலந்த மாதிரியேதான் கலந்தாள், அதனால் எனக்கும் புரிந்தது. அவன் பொண்டாட்டி அவனைத் தடுக்கவே இல்லையா என்று கேட்டாள்.

டிவி பதில் சொன்னது. அது எனக்குப் புரியவில்லை. ஆனால் மனைவியின் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்தேன்.

“என்ன சொல்றார்?”

“இல்ல, சத்தியமா, அன்னைக்கு மழை விட்டிருந்துச்சுன்னு சொல்றார்.”

அவள் கேட்டது பொண்டாட்டியைப் பற்றி. பதில் வந்தது மழையைப் பற்றி. அது அவளுக்குச் சொன்ன பதில் இல்லை. இதே வீட்டில், அதே சமையலறையிலிருந்து, அவள் அம்மா கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்.

மாமனார் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். “ஆமா, மழையைப் பத்தித்தான் கேட்டா” என்றார் மெல்ல.

“எப்படிப்பா கேட்டாங்க?” என்றாள் மகள். “அம்மா எப்படிக் கேட்டாங்க, சொல்லுங்க.”

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ரிமோட்டில் பொத்தானைத் தேடி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மழைக்கு முந்தின வரியை மறுபடி போட்டார். வரி முடிந்தது. அத்தை மழையைப் பற்றிக் கேட்ட இடம் வந்தது. அது முடிகிறவரை நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.